மார்மன் பெண்களின் குரலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவ சபையின் பெண்களைப் பற்றிப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கே ஒருகாலத்தில் இருந்த பலதார மணத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பெண்கள் தாங்களே எழுதி வைத்தது ஏராளமாக இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள்.

1842-ல் இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் ரிலீஃப் சொசைட்டி என்ற பெண்கள் சங்கம் தொடங்கியபோது எழுதிய குறிப்பேடு சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்களுக்கான இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மார்ச் 17 கூட்டத்தில் சங்கத்தின் தலைவியும் ஜோசப்பின் மனைவியுமான எம்மா ஸ்மித், நாம் அசாதாரணமான ஒன்றைச் செய்யப்போகிறோம் என்கிறார். ஏப்ரல் 28 பக்கத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பெண்கள் நோயாளிகள் மேல் கைவைத்து ஜெபிப்பதில் பாவமில்லை என்று ஜோசப் ஸ்மித் அன்றைக்குச் சொல்கிறார், சாவியை, அதாவது அதிகாரத்தை, உங்களிடமே திருப்புகிறேன் என்கிறார். பிற்பாடு அச்சான சபை வரலாற்றில் அதே வரி ‘உங்கள் சார்பில் திருப்புகிறேன்’ என்று மாறியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெண்களுக்கு ஆசாரியத்துவம் (சபையில் ஆண்களுக்கு மட்டும் தரப்படும் சமய அதிகாரம்) உண்டா என்று இன்றைக்கும் நடக்கிற வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் மார்மன் பெண்களே நடத்திய ‘உமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ இதழ், 1872 முதல் 1914 வரை சபையின் தலைமையகம் இருக்கும் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் வந்தது, எம்மலைன் வெல்ஸ் நெடுங்காலம் ஆசிரியர். யூட்டா பெண்களுக்கு 1870-ல் ஓட்டுரிமை கிடைத்தது, 1887-ல் அமெரிக்க காங்கிரஸ் அதைப் பறித்தது, 1896-ல் திரும்பக் கிடைத்தது. ஓட்டுக்காக வாதாடிய அதே கைகள் பலதார மணத்தையும் ஆதரித்து எழுதியிருக்கின்றன. அது உங்களைச் சங்கடப்படுத்தும்தான், ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள், பெண்களுக்கு எந்தக் கதவு திறந்தது, எது மூடியது என்று. பெண்கள் கைவைத்து ஜெபிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது, 1946-ல் வந்த ஒரு கடிதம் அதற்கு மூப்பர்களை, அதாவது ஆசாரியத்துவம் பெற்ற ஆண்களை, அழைப்பதே நல்லது என்றது. 1974-ல் பாஸ்டன் பகுதிப் பெண்கள் பழைய ‘உமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ இதழ்களைப் படித்துவிட்டு ‘எக்ஸ்போனென்ட் 2’ என்ற இதழைத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்துக்காகப் போராடிய சோனியா ஜான்சன் 1979-ல் சபைநீக்கம் செய்யப்பட்டார், பெண்களுக்கு ஆசாரியத்துவம் கேட்ட கேட் கெல்லி 2014-ல். நடுவில் 2013-ல்தான் சபையின் பொது மாநாட்டில் முதன்முதலாக ஒரு பெண் ஜெபம் நடத்தினார். ஞானஸ்நானத்துக்குப் பெண்கள் சாட்சியாக நிற்கலாம் என்பது 2019-ல் வந்தது. இந்தத் தாளைப் பார்த்தால், பெண்களின் நிலை மெல்ல மெல்ல முன்னேறியது என்ற கதை எவ்வளவு தவறு என்று புரியும்.

வெளியேற்றப்பட்டவர்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் பாதிதான் தெரியும். உள்ளேயே இருந்து பேசியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சியெகோ ஒகாசாகி. ஹவாயில் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவர், 1990-களில் ரிலீஃப் சொசைட்டியின் தலைமைக் குழுவில் இருந்தார். 1996 மாநாட்டில், யூட்டாவில் பழத்தை பாட்டிலில் அடைப்பார்கள், ஹவாயில் பழத்தைக் கூடையில் வைத்திருப்பார்கள், முக்கியம் பாட்டிலோ கூடையோ இல்லை, பழம்தான் என்று பேசினார். சபையின் வழக்கம் வேறு, விசுவாசம் வேறு என்று அந்த மேடையிலேயே நின்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! அந்த உரை சபை இணையதளத்தில் இருக்கிறது.

மார்மன் பெண் யாரையாவது நேரில் பார்த்துப் பேச வாய்ப்புக் கிடைத்தால், ‘இன்னும் ஏன் அங்கே இருக்கிறீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து போய்த் தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லலாம். அங்கே அவர் கடைசியாக என்ன பேசினார் என்று கேளுங்கள்.