முதலில் ஈரப் பஞ்சு, அப்புறம்தான் எக்ஸ்ரே

மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று மார்பக எக்ஸ்ரே வேனில் சுற்றுகிற டெக்னீஷியன் நான். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணிடம் நான் முதலில் நீட்டுவது ஈரப் பஞ்சைத்தான். இந்த வெக்கையில் பவுடர் போடாமல் கேம்ப்புக்கு யார் வருகிறார்கள்? பவுடரும் வியர்வை ஸ்ப்ரேயில் இருக்கும் அலுமினியமும் படத்தில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஆரம்பப் புற்றுநோயில் தெரிகிற சுண்ணாம்புப் புள்ளிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு லாத்தாவுக்கு அக்குளை மட்டும் துடைத்தேன். மார்பின் அடிமடிப்பை விட்டுவிட்டேன். திரும்ப எடுக்கச் சொல்லி டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. இரண்டாவது படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் அதற்குள் அவர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஆக, அக்குள், அடிமடிப்பு இரண்டையும் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். சங்கிலியைப் பின்னால் தள்ளுங்கள்.

அடுத்தது தோள். கடலில் பாசி எடுக்கிற அக்காமார்களுக்குத் தோள் கல் மாதிரி இறுகியிருக்கும். சாய்வுப் படத்துக்கு (எம்எல்ஓ) "கையைத் தூக்குங்க" என்றால் இன்னும் விறைப்பார்கள். "கம்பியைப் பிடிக்காதீங்க அக்கா, கையைச் சும்மா அது மேல போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், தசை தானாகத் தளரும். படத்தில் மார்புத் தசை காம்பு மட்டம் வரை இறங்கி, அடிமடிப்பு விரிந்திருக்க வேண்டும். காம்பிலிருந்து பின்னோக்கி அளந்தால், இதற்கும் மேலிருந்து எடுக்கும் படத்துக்கும் வித்தியாசம் 1 செ.மீ.க்குள் வரணும். கூடினால் பின்பக்கத் திசு விட்டுப்போயிருக்கிறது.

மார்பைத் தட்டால் அழுத்தித்தான் படம் எடுக்கிறோம். பாவம் என்று அந்த அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் திசு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டியை மறைக்கும், கதிர்வீச்சும் கூடும். விரலால் தட்டினால் தோல் விண்ணென்று இருக்கிற அளவுக்கு, மெதுவாக இறக்குங்கள். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் வரச் சொன்னால் வலி குறையும்.

வேன் இடம் மாறி நின்றதும் பேண்டம் (மெஷினைச் சோதிக்க மார்புக்குப் பதிலாக வைக்கும் மாதிரிக் கட்டை) படம் ஒன்று எடுத்துவிடுங்கள். எங்களுடைய பேண்டத்தில் 6 இழை, 5 புள்ளிக் கூட்டம், 5 கட்டி. குறைந்தது 4, 3, 3 தெரியணும். தெரியவில்லையா, வெளியே எத்தனை பேர் நின்றாலும் சரி, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.