அதிகம் பாடப்படாத கோரஸ் படைப்பு: ஒத்திகைக்கு முன்பே தொடங்கும் தவறுகள்

எல்லோரும் அறிந்த படைப்பு என்றால் குழுவில் பாதிப் பேரின் காதில் மெட்டு ஏற்கெனவே இருக்கும், தடுமாறினாலும் சமாளித்துவிடுவார்கள். அபூர்வமான திருப்பலி இசையில் அந்தத் துணை கிடையாது. அதனால் ஒத்திகைக்கு முன் எடுக்கும் முடிவுகளிலேயே பல குழுக்கள் சறுக்கிவிடுகின்றன.

முதல் தவறு, எந்த வடிவம், எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யாமல் இறங்குவது. இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் ‘பெத்தீத் மெஸ் சொலனெல்’ என்ற திருப்பலி இசை 1864-இல் பாரிஸில் ஒரு தனியார் மாளிகையில் முதலில் பாடப்பட்டபோது இரண்டு பியானோ, ஒரு ஆர்மோனியம், 12 பாடகர்கள் என்பதே கணக்கு. 1867-இல் அவரே அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். ஒரு வடிவத்தின் ஸ்கோரை (எல்லா வரிகளும் உள்ள இசைத்தாளை) வைத்துப் பழகி, இன்னொன்றின் வாத்தியத் தாள்களை வரவழைத்தால் மேடை ஒத்திகை குழப்பத்திலேயே போகும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஸ்கேன்களில் பெரும்பாலும் பார் (இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளக் கட்டம்) எண்கள் இருக்காது. ஆளுக்கொரு பதிப்பு வைத்திருந்தால் ‘42-ஆம் பக்கம், மூன்றாவது பார்’ என்பது ஆளுக்கொரு இடம். எல்லோருக்கும் ஒரே பதிப்பு, முதல் நாளே பென்சிலால் பார் எண்கள்: இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இசையமைப்பாளர் காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தாலும் புதிய பதிப்புக்குத் தனியாகப் பதிப்புரிமை இருக்கலாம். நகலெடுக்கும் முன் பாருங்கள்.

ஆர்மோனியத்தைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அடுத்தது. இங்கே தேவைப்படுவது காலால் காற்றடித்து, இரு கையாலும் வாசிக்கும் வகை. நம் கச்சேரி ஆர்மோனியம் உதவாது. காலால் இயங்கும் அந்தக் கருவியின் ரீடுகளை நிகழ்ச்சியன்று சுருதி மாற்ற முடியாது. 1859-இல் பிரான்ஸ் சட்டமாக்கிய சுருதி ஏ = 435, அதாவது ‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வுகள். அந்தக் காலத்துக் கருவி கிடைத்து, பியானோ 440-இல் இருந்தால் வித்தியாசம் ஏறக்குறைய 20 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). யார் காதிலும் உறுத்தும். ஒன்று பியானோவை இறக்குங்கள், இல்லையென்றால் டிஜிட்டல் கருவியில் ஆர்மோனிய ஒலியை வைத்துக்கொள்ளுங்கள்.

குரல்களைக் கணக்கிடும்போது உச்ச சுரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு வரி பெரும்பாலும் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் தொண்டையைத் தீர்மானிக்கும். டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) வரி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஐந்து டெனர்கள் இருந்தால் ஒரு பக்கம் இருவர்தான். இரு குரல்கள் ஒன்றோடொன்று உரசித் தனித்தனியாகக் கேட்கும். மூன்று இருந்தால்தான் கலக்கும். அந்த இருவரில் ஒருவருக்குச் சளி பிடித்தால் முடிந்தது. அடிக்குரலும் அப்படியே: ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் ‘இரவு முழு விழிப்பு’ ஐந்தாம் பகுதியின் முடிவில் பாஸ் (ஆண்களின் அடிக்குரல்) வரி, நடு ‘சி’க்கு இரண்டு ஆக்டேவும் ஒரு முழுச் சுரமும் கீழே உள்ள பி-பிளாட்டுக்கு இறங்குகிறது. அங்கே நிற்கக்கூடியவர் ஓரிருவராவது இல்லாமல் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு வாரமும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது எல்லாக் குழுக்களுக்கும் உள்ள வியாதி. திருப்பலியின் முதல் பகுதியான கீரியே மெருகேறிக்கொண்டே போகும், குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மெட்டோடு நுழையும் ஃபியூக் கடைசிவரை பச்சையாகவே இருக்கும். ரோசினியில் ‘கும் சாங்தோ ஸ்பிரித்து’ ஃபியூகை முதல் ஒத்திகையிலேயே எடுங்கள். முதலில் எண்களைச் சொல்லித் தாளத்தை மட்டும், பிறகு பாதி வேகத்தில் ‘டூ’ என்று, அதன் பின்தான் வார்த்தைகள். ஒவ்வொரு நுழைவிலும் தம் முதல் சுரத்தை யாரிடமிருந்து எடுப்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும்: ‘டெனர் விட்ட சுரம்’, ‘பியானோ இடது கை’. இதைச் செய்யாத குழுவில் துணிச்சலான ஒருவர் நுழைவார், மற்றவர்கள் அரைத் தாளம் தள்ளி அவர் பின்னால் போவார்கள்.

வாத்தியமில்லாத பகுதிகள் தனி ஆபத்து. ரோசினியின் திருப்பலியில் ‘கிறிஸ்தே எலெய்சோன்’ பகுதி துணையில்லாமல், மென்குரலில் நகரும். முடிந்ததும் பியானோ திரும்பி வந்து சுருதியில் எவ்வளவு இறங்கினோம் என்பதை ஊருக்கே சொல்லிவிடும். சுரம் ஏறும்போது இடைவெளியைச் சின்னதாகவும் இறங்கும்போது பெரிதாகவும் எடுப்பது, ஒரே சுரம் திரும்ப வரும்போது தளர்வது, மென்மையாகப் பாடுகிறோம் என்று மூச்சையும் குறைத்துவிடுவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். கடைசியில் மட்டும் சரிபார்த்தால் பயனில்லை. ஒவ்வொரு சொற்றொடர் முடிவிலும் நிறுத்தி ட்யூனிங் ஃபோர்க்கால் பாருங்கள். இறக்கம் அநேகமாக ஓரிரு பார்களில்தான் நடந்திருக்கும்.

அபூர்வப் படைப்புக்கு ஓரிரு ஒலிப்பதிவுகளே இருக்கும். அதைக் கேட்டே மனப்பாடம் செய்தால் அவர்களின் வேகமும் வெட்டுகளும் ஒட்டிக்கொள்ளும். பரோக் (ஏறக்குறைய 17, 18-ஆம் நூற்றாண்டு) படைப்பாக இருந்தால் பதிவு ஏ = 415-இல், அதாவது ஏறக்குறைய அரைச் சுரம் கீழே இருக்கலாம். 440-இல் சோப்ரானோக்கள் (பெண்களின் உயர்ந்த குரல்) திணறும்போதுதான் அது தெரியவரும்.

லத்தீன் உச்சரிப்பை இத்தாலிய முறையா ஜெர்மானிய முறையா என்று ஒரே தடவையில் முடிவு செய்யுங்கள்: ‘Agnus’ என்ற சொல் முதலாவதில் ‘ஆன்யுஸ்’, இரண்டாவதில் ‘ஆக்னுஸ்’. தமிழில் எழுதிப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘Te Deum’ என்பதை ‘தே தேயும்’ என்று எழுதினால் இரண்டு ‘தே’யும் ஒன்றாகிவிடும், முதலாவது வல்லோசை (t), இரண்டாவது மெல்லோசை (d). அடியில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள்.

அரங்கில் எதிரொலி மூன்று நொடிக்கு மேல் நின்றால் ஃபியூகின் வேகத்தைக் குறைத்து, சுரங்களுக்கிடையே சற்று இடைவெளி விடவேண்டும். அந்த முடிவை நிகழ்ச்சியன்று காலையில் எடுக்காமல், ஒரு வாரம் முன்னதாக அங்கேயே ஓர் ஒத்திகை வைத்து எடுங்கள்.