கழிவுநீரில் எண்ணெய் பிரிக்க எந்தக் கருவி? வாங்குமுன் பாட்டிலில் பாருங்கள்

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கத்து மெஷின் ஷாப்புகளிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் ஈ.டி.பி.க்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வந்து சேரும் எண்ணெய் ஒரே வகையாக இருப்பதில்லை. ஹைட்ராலிக் லைனில் கசிந்த ஆயில் மேலே மிதக்கும். சி.என்.சி. மெஷினில் உலோகம் வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் பால் மாதிரி தண்ணீரோடு கலந்தே நிற்கும். பாகங்களைக் கழுவும் வாஷிங் மெஷினிலிருந்து சோப்பும் எண்ணெயும் சூடாக வரும். தரை கழுவிய தண்ணீரில் இவை எல்லாவற்றோடும் இரும்புத் தூளும் இருக்கும். இவை மொத்தமும் ஒரே சம்ப்பில் (சேகரிப்புத் தொட்டி) விழுந்த பிறகு, "பி.பி.எம். (லிட்டருக்கு மி.கி.) எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு கருவி தேடினால் பணம் வீணாகும். எண்ணெயின் அளவு இரண்டாவது கேள்விதான். அது தண்ணீரில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதை எட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் பொது வரம்புப்படி, ஆறு ஏரிகளில் விடவும் பாசன நிலத்தில் பாய்ச்சவும் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மி.கி.; பொதுச் சாக்கடைக்கு 20 மி.கி. மாசு கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குக் கொடுத்த இசைவாணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே கணக்கு. தண்ணீரை வெளியே விடாமல் ஆர்.ஓ.வுக்கு அனுப்புவதாக இருந்தால் 10 மி.கி. என்பது மிகவும் அதிகம். மெம்பரேன் முன் எண்ணெய் 0.1 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும்.

பாட்டில் சோதனை

ஒரு லிட்டர் வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்கள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். சம்ப்பின் மேற்பரப்பில் மொண்டால் வெறும் எண்ணெய்தான் வரும், அடியில் எடுத்தால் எதுவும் வராது. அதனால் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக் கலங்கும் இடத்தில், நேராக பாட்டிலில் பிடியுங்கள். அதே தண்ணீரால் பாட்டிலை முன்கூட்டி அலசக் கூடாது. வாஷிங் டேங்க் காலி செய்யும் நேரம், ஷிஃப்ட் முடிந்து தரை கழுவும் நேரம் என்று மோசமான நேரங்களிலும் பிடிக்க வேண்டும். சாதாரண நேரத்து சாம்பிளை வைத்து வாங்கிய கருவி அந்த நேரங்களில் தோற்றுவிடும்.

முதல் பாட்டிலை உடனே லேபுக்கு அனுப்புங்கள். பி.ஹெச். 2க்குக் கீழே வரும்படி அமிலம் சேர்த்து, குளிரில் வைத்து, ஐ.எஸ். 3025 பகுதி 39 முறைப்படி சோதிக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் உள்ள தண்ணீர் முழுவதையும் அவர்கள் பயன்படுத்த வேண்டும். பாதியை ஊற்றி எடுத்தால் கணக்கு பொய்யாகும்.

இரண்டாவது பாட்டிலை அசைக்காமல் வையுங்கள். 30 நிமிடத்தில் மேலே படலம் கட்டி அடியில் தண்ணீர் தெளிந்தால், உங்களுக்குப் புவியீர்ப்பே போதும். படலம் கட்டியும் அடி மங்கலாக இருந்து, சில மணி நேரத்தில் தெளிந்தால் துளிகள் சிறியவை. தட்டுகள் வைத்த செபரேட்டரோ, நுண்ணிய காற்றுக் குமிழிகளால் எண்ணெயை மேலே தூக்கும் டேஃப் யூனிட்டோ தேவைப்படும். 24 மணி நேரம் கழித்தும் பால் வெள்ளையாகவே நின்றால் அது எமல்ஷன், அதாவது எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரோடு கலந்தே நிற்கும் நிலை. எத்தனை தட்டு போட்டாலும் பிரியாது. இந்த நிலையில், மேல் படலத்தைக் கலக்காமல் அடித்தண்ணீரை மட்டும் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். புவியீர்ப்பால் பிரிக்க முடியாத எண்ணெய் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லிவிடும். எந்த விற்பனையாளரின் பட்டியலையும்விட உங்களுக்குப் பயன்படும் எண் அதுதான்.

மூன்றாவது பாட்டிலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச்.சை 2-3க்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் பிரிந்து மேலே வந்தால், அமிலத்தால் உடையும் எமல்ஷன். ஒன்றுமே பிரியவில்லை என்றால் முழு சிந்தெடிக் கூலண்ட்டாக இருக்கலாம்; அதில் பிரிப்பதற்கு மினரல் ஆயிலே கிடையாது, தனி வழி பார்க்க வேண்டும். பிளேட்டிங் பிரிவிலிருந்து சயனைடோ, வேறெங்கிருந்தாவது சல்ஃபைடோ கலக்கும் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும். நான்காவது பாட்டிலை ஜார் டெஸ்ட்டுக்கு (எவ்வளவு கெமிக்கல் போதும் என்று பீக்கரில் பார்க்கும் சோதனை) வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கும்.

துளியின் அளவு எல்லாவற்றையும் முடிவு செய்யும்

எண்ணெய்த் துளி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி. 30 டிகிரி தண்ணீரில், அடர்த்தி 0.90 உள்ள எண்ணெய்க்கு ஸ்டோக்ஸ் கணக்குப் போட்டால் 150 மைக்ரான் துளி மணிக்குச் சுமார் 5.5 மீட்டர் ஏறும். 60 மைக்ரான் துளி 0.88 மீட்டர். 20 மைக்ரான் 10 செ.மீ. 5 மைக்ரான் துளி ஒரு மணி நேரத்தில் 6 மி.மீ. தான் நகரும். வெறும் தொட்டியாகக் கட்டும் ஏ.பி.ஐ. செபரேட்டர் 150 மைக்ரானுக்கென்றே வடிவமைக்கப்படுவது இதனால்தான். அதைக் கட்டிவிட்டு 10 மி.கி. எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

இதனாலேயே பம்ப் விஷயம் முக்கியமாகிறது. சம்ப்பிலிருந்து சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பால் இறைத்து செபரேட்டருக்கு அனுப்பினால், மிதந்துகொண்டிருந்த எண்ணெயை இம்பெல்லர் பொடித்துச் சின்னத் துளிகளாக்கிவிடும். செபரேட்டரை பம்ப்புக்கு முன்னால், தண்ணீர் தானாக ஓடி வரும் மட்டத்தில் வையுங்கள். இடம் இல்லை, பம்ப் போட்டே ஆக வேண்டும் என்றால் மெதுவாகச் சுற்றும் மோனோ பம்ப் நல்லது. பாதி மூடிய வால்வு, மேலிருந்து விழும் குழாய் ஆகியவையும் அதே கெடுதலைச் செய்யும்.

கலக்காமல் பிரித்து வையுங்கள்

கருவிக்குச் செலவழிக்கும் முன் குழாய் வேலைக்குச் செலவழியுங்கள். ஒரு கணக்கு: 3 சதவீதம் எண்ணெய் உள்ள பழைய கூலண்ட் 1000 லிட்டரில் ஏறக்குறைய 30 கிலோ எண்ணெய் இருக்கிறது. அதை அன்றைய 10,000 லிட்டர் தண்ணீரில் கொட்டினால் மொத்தமும் லிட்டருக்கு 3,000 மி.கி.க்குப் பக்கத்தில் போய்விடும். அதோடு கூலண்ட்டில் உள்ள எமல்சிஃபையர், நல்லபடி மிதந்துகொண்டிருந்த ஹைட்ராலிக் ஆயிலையும் கரைத்துப் பாலாக்கிவிடும். பழைய கூலண்ட்டைத் தனி டேங்க்கில் பிடித்து பேட்ச் முறையில் தனியாகச் சுத்திகரிப்பதுதான் சரி.

வாஷிங் மெஷின் சோப்பையும் கவனியுங்கள். எண்ணெயை இறுகப் பிடித்துக்கொள்ளும் டிடர்ஜென்ட் இருந்தால் தட்டு செபரேட்டர் பயனற்றது. கழுவி முடிந்ததும் எண்ணெயை விட்டுவிடும் வகைகள் சந்தையில் உண்டு. சோப்பை மாற்றியதாலேயே டேஃப் வாங்க வேண்டிய அவசியம் போய்விடலாம். அதனால் சோப்பு மாற்றிய பிறகு பாட்டில் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எந்தக் கருவி

ஸ்கிம்மர்: மேலே மிதக்கும் எண்ணெய்க்கு மட்டும். கூலண்ட் சம்ப்பில் சேரும் ட்ராம்ப் ஆயிலுக்கு (மெஷினிலிருந்து கசிந்து மிதக்கும் எண்ணெய்) ஒரு சிறிய பெல்ட் அல்லது டிஸ்க் ஸ்கிம்மர் போதும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் பெல்ட் வகைதான் சரிவரும். டிஸ்க்குக்கு மட்டம் நிலையாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஓடவிட்டால் படலம் தீர்ந்த பிறகு தண்ணீரையும் கூலண்ட்டையும் அள்ளும். டைமர் போட்டு, மெஷின் நின்று படலம் சேர்ந்த நேரத்தில் ஓட்டுங்கள்.

தட்டு செபரேட்டர்: டி.பி.ஐ. அல்லது சி.பி.ஐ. என்று விற்பார்கள். சாய்ந்த தட்டுகளுக்கிடையே துளி ஏற வேண்டிய உயரம் ஓரிரு சென்டிமீட்டராகக் குறைவதுதான் இதன் சூட்சுமம். மணிக்கு 6 கனமீட்டர் தண்ணீர், 60 மைக்ரான் துளி என்றால் 6-ஐ 0.88-ஆல் வகுக்க 6.8 சதுர மீட்டர். ஒன்றரை மடங்கு காப்பு வைத்தால் 10 சதுர மீட்டர். இது தட்டின் கிடைமட்ட நிழல் பரப்பு. 60 டிகிரி சாய்வில் தட்டின் உண்மைப் பரப்பில் பாதிதான் நிழலாக விழும், ஆகவே 20 சதுர மீட்டர் தட்டு வேண்டும். சிலர் மொத்தத் தட்டுப் பரப்பைக் காட்டியே கொட்டேஷன் தருவார்கள். எந்தப் பரப்பு என்று எழுதி வாங்குங்கள்.

கிரைண்டிங் தூள் வரும் இடத்தில் 45 டிகிரி சாய்வு, 19 மி.மீ. இடைவெளி என்று போனால் தட்டுகள் விரைவில் அடைத்துக்கொள்ளும். 60 டிகிரி சாய்வும் அகன்ற இடைவெளியும் வையுங்கள், முன்னால் தூள் படிவதற்கு ஒரு கிரிட் சேம்பர் கட்டுங்கள். தட்டுக் கட்டை மேலே தூக்கிக் கழுவக் கூரையில் இடமும் செயின் பிளாக்கும் வேண்டும். இது இல்லாத இடங்களில் யாரும் தட்டுகளைக் கழுவுவதே இல்லை. சூடான வாஷ் தண்ணீர் நேராக வருமானால் பி.வி.சி. தட்டு வேண்டாம், 60 டிகிரியிலேயே நெளிந்துவிடும்.

எமல்ஷனுக்கு, கெமிக்கல் சேர்த்து டேஃப்: முதலில் ஜார் டெஸ்ட். ஆறு பீக்கரில் தலா ஒரு லிட்டர், பி.ஹெச். 6.5-7.5, பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைடு) 100, 200, 300 என்று 600 மி.கி. வரை. 120 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு நிமிடம், பிறகு லிட்டருக்கு 1-3 மி.கி. பாலிஎலெக்ட்ரோலைட் (பாலிமர்) சேர்த்து 25-30 ஆர்.பி.எம். வேகத்தில் 15 நிமிடம். குறைந்த அளவில் தெளிந்த பீக்கரே உங்கள் டோஸ். அதற்கு மேல் ஊற்றினால் நன்றாகத் தெளியும் என்று நினைக்க வேண்டாம், பி.ஏ.சி. அதிகமானால் மறுபடி கலங்கும், பாலிமர் அதிகமானால் தண்ணீர் வழவழக்கும். 300 மி.கி. டோஸ் என்றால் 20 கே.எல்.டி.க்கு (நாளுக்கு 20,000 லிட்டர்) ஒரு நாளைக்கு 6 கிலோ. மாதச் செலவையும் சேரும் ஸ்லட்ஜையும் வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

எண்ணெய் பிடித்த ஃப்ளாக் (கெமிக்கலால் திரண்ட திரள்) பெரும்பாலும் மிதக்கவே பார்க்கும். அதை செட்லிங் டேங்க்கில் அடியில் படியவைக்கப் போராடாமல் டேஃப்பில் மேலேற்றுவது எளிது. மணிக்கு 5 கனமீட்டர் தண்ணீர், காற்றைக் கரைத்துத் திருப்பி விடும் ரீசைக்கிள் தண்ணீர் 40 சதவீதம் என்றால் மொத்தம் 7 கனமீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 5 கனமீட்டர் என்று வைத்தால் 1.4 சதுர மீட்டர் பரப்பு போதும். தண்ணீரில் காற்றைக் கரைக்கும் சாச்சுரேட்டரின் அழுத்தம் 4-6 பார். குமிழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ரீசைக்கிள் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பால் போல வெண்மையாக இருந்து, அடியிலிருந்து மெல்ல மெல்லச் சில நிமிடங்களில் தெளிய வேண்டும். சில நொடிகளில் தெளிந்தால் குமிழி பெரிது. அது ஃப்ளாக்கைத் தூக்காது, உடைக்கும். அழுத்தத்தையும் நாசிலையும் பாருங்கள்.

பழைய கூலண்ட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, பேட்ச் டேங்க்கில் அமிலம் விட்டு உடைத்து, எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு நடுநிலையாக்கி பி.ஏ.சி. போடுவது. மலிவு, ஆனால் அமிலம் தாங்கும் எஃப்.ஆர்.பி. (நார் வலுவூட்டிய பிளாஸ்டிக்) அல்லது ரப்பர் லைனிங் டேங்க் வேண்டும், கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். மற்றொன்று அல்ட்ராஃபில்ட்ரேஷன், அதாவது நுண்துளை மெம்பரேனால் வடிகட்டுவது. கெமிக்கல் அதிகம் வேண்டாம், வெளிவரும் தண்ணீரும் நன்றாக இருக்கும். ஆனால் மிதக்கும் எண்ணெயை முன்பே முழுவதும் எடுத்திருக்க வேண்டும். சிலிகான் ஆன்ட்டி-ஃபோமும் கேட்டயானிக் பாலிமரும் மெம்பரேனை அடைத்துவிடும், இவை கலக்கும் ஆலையில் இந்த வழியை எடுக்காதீர்கள். உலோகத் தகடுகள் வழியாக மின்சாரம் பாய்ச்சும் எலெக்ட்ரோ கோயாகுலேஷனும் எமல்ஷனை உடைக்கும். தகடுகள் கரைந்துகொண்டே இருக்கும், மேலே பூச்சு படிந்து வேலை நின்றுபோகும், மாற்றும் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி மெருகுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வைப்பது வழக்கம். எண்ணெயோடு தண்ணீரை அதில் விட்டால் துளைகள் மூடிக்கொண்டு விரைவில் பயனற்றுப் போகும். முன்னால் ஆர்கனோகிளே (எண்ணெயைப் பிடிக்கும் களிமண்) படுகை ஒன்று வைத்தால் கார்பன் நீடிக்கும்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

கே.எல்.டி.யை 24-ஆல் வகுத்து அளவு சொல்பவரை நிறுத்திக் கேளுங்கள். 20 கே.எல்.டி. ஆலையில் வகுத்தால் மணிக்கு 0.83 கனமீட்டர்தான், ஆனால் 2,000 லிட்டர் வாஷ் டேங்க்கை 20 நிமிடத்தில் திறந்துவிட்டால் அந்த நேரத்தில் ஓடுவது மணிக்கு 6 கனமீட்டர். செபரேட்டர் இந்த 6-ஐத் தாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த டேங்க்கைத் தனியாகப் பிடித்து மெதுவாக விட வேண்டும்.

"வெளியேறும் நீரில் 10 பி.பி.எம்." என்று உத்தரவாதம் இருந்தால் கீழே உள்ள நிபந்தனையைப் படியுங்கள். மிதக்கும் எண்ணெய்க்கு மட்டும் என்று இருந்தால், எமல்ஷன் உள்ள உங்கள் தண்ணீருக்கு அது உத்தரவாதமே ஆகாது. உள்ளே வரும் எண்ணெய் அளவு, உச்ச ஓட்டம், வெப்பநிலை, துளியின் அளவு, சோதனை முறை ஆகியவற்றைக் கொள்முதல் ஆணையில் எழுதி, உங்கள் ஆலையில் உங்கள் தண்ணீரில் சோதித்துக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று வையுங்கள். பெரிய யூனிட்டுக்கு ஒரு வாரம் பைலட் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

பிரித்த எண்ணெய்க்கும் ஸ்லட்ஜுக்கும் இடம் ஒதுக்காமல் லேஅவுட்டை ஒப்புக்கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் பயன்படுத்திய எண்ணெய் 5.1, எண்ணெய் கலந்த கழிவு 5.2, சுத்திகரிப்பு ஸ்லட்ஜ் 35.3 என்று தனித்தனி இனங்களில் வருகின்றன. டிரம்மில் லேபிள் ஒட்டி, கூரைக்குக் கீழே, கசிந்தால் தேங்கும் தொட்டிக்குள் வையுங்கள். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்க அனுமதி இல்லை. எண்ணெயில் தண்ணீர் அதிகம் இருந்தால் மறுசுழற்சியாளர் விலை குறைப்பார். ஸ்கிம்மருக்குப் பக்கத்தில் அடியில் வடிகால் வால்வு வைத்த ஒரு டிகான்டிங் டிரம் வைத்து, ஒரு நாள் நிற்கவிட்டு, அடித்தண்ணீரை ஈ.டி.பி.யின் தொடக்கத்துக்கே திருப்பி விடுங்கள். அந்தக் குழாயையும் இப்போதே வரைபடத்தில் போடச் சொல்லுங்கள்.