வண்டி ஓட்டும்போது கைபேசி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வண்டி ஓட்டத் தொடங்கும் நம்மவர்களுக்குச் சாலை சீக்கிரம் பழகிவிடும். ஊரைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், பலகைகளும் தெளிவாக இருக்கும். ஊர் உரிமத்தோடு வந்தவர்கள் ‘பேசிக் தியரி’ (சாலை விதிகள் பற்றிய அடிப்படைத் தேர்வு) எழுதித் தேறி, உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். கைபேசிப் பழக்கம்தான் அவ்வளவு லேசில் மாறுவதில்லை. அதனால்தான் அதைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது கைபேசியையோ டேப்லட்டையோ கையில் பிடித்திருந்தாலே குற்றம். பேசினீர்களா, மெசேஜ் அனுப்பினீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. முதல் முறை பிடிபட்டால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். திரும்பவும் பிடிபட்டால் 2,000 வெள்ளி, 12 மாதம் வரை போகும். போக்குவரத்துக் காவல்துறை 12 குற்றப் புள்ளிகளும் போடும். இங்கே புதிதாக உரிமம் எடுத்தவர், முதல் ஓராண்டில் 13 புள்ளிகள் சேர்த்தாலே உரிமத்தை இழந்துவிடுவார். கைபேசியால் 12 வந்தபிறகு சின்னதாக இன்னொரு தவறு போதும். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, ஓட்டுநர் வேலைக்கென்றே வந்தவருக்கு உரிமம் போனால் வேலையே ஆட்டம் காணும்.

ஆனால் அபராதத்தை விட நான் பயப்படுவது தூரத்தை நினைத்துத்தான். விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறார். மூன்று நொடி திரையைப் பார்த்தால் 75 மீட்டரைச் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருப்பார். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே 50-இல் போனாலும் அதே மூன்று நொடியில் 40 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த 40 மீட்டருக்குள் ஒரு பேருந்து நிறுத்தம் வரலாம், பள்ளிப் பிள்ளைகள் வரலாம், மெதுவாகச் சாலையைக் கடக்கும் ஒரு பாட்டி வரலாம்.

“நான் புளூடூத்தில்தான் பேசுகிறேன்” என்று பலர் சொல்வார்கள். சட்டப்படி சரி. ஆனால் கை ஸ்டியரிங்கில் இருக்க, மனம் தஞ்சாவூரில் நிலத் தகராறு பேசிக்கொண்டிருந்தால் முன்னால் போகும் மோட்டார் சைக்கிளைக் கண் பார்த்தும் புத்தியில் ஏறாது. பேச்சு முடிந்ததும் மனம் உடனே சாலைக்குத் திரும்பிவிடுவதும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வாகனத்தின் குரல் கட்டளை வசதிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனச் சிதறல் 27 நொடிகள் வரை நீடிக்கலாம்.

நமக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை எடுக்காமல் விட மனம் வராதவை. ஒன்று வீட்டிலிருந்து வரும், இன்னொன்று சூப்பர்வைசரிடமிருந்து. இரண்டுக்கும் முன்கூட்டியே பேசி வையுங்கள். இந்திய நேரத்தை விடச் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே மாலை ஆறரைக்கு நீங்கள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அம்மாவுக்கு மாலை நான்கு மணிதான், வேலை ஓய்ந்து உங்களைக் கூப்பிடத் தோன்றும் நேரம். “உன் நேரத்துக்கு ராத்திரி ஏழரைக்குக் கூப்பிடும்மா, நான் ரூமுக்கு வந்திருப்பேன்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு அவர் பதறிப்போவார். சூப்பர்வைசரிடமும், ஓட்டும்போது எடுக்க மாட்டேன், வண்டியை நிறுத்தியதும் கூப்பிடுகிறேன் என்று முதல் வாரமே சொல்லுங்கள். கைபேசியில் ஓட்டுநர்களுக்கான ‘தொந்தரவு செய்யாதே’ வசதி இருக்கும்; அதைப் போட்டுவிட்டால் ஓட்டி முடிக்கும்வரை அறிவிப்புகள் வராது.

வழி பார்க்கக் கைபேசி வேண்டும் என்றால் ஹோல்டரில் மாட்டுங்கள், கிளம்பும் முன்பே முகவரியைப் போட்டுவிடுங்கள். கூகுள் மேப்ஸ் தமிழிலும் வழி சொல்லும். கேபிஇ, எம்சிஇ என்னும் விரைவுச்சாலைகளின் சுரங்கங்களுக்குள் போகும்போது வரைபடம் சில நேரம் தடுமாறும். அப்போது திரையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், தலைக்கு மேலே வரும் பலகைகளைப் பார்த்து ஓட்டுங்கள். வெளியேறும் வழியைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி வரலாம். சின்ன ஊர்தான், சில நிமிடம்தான் கூடுதலாகும்.

அவசரமாகப் பேசியே ஆக வேண்டுமா? விரைவுச்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அந்த ஓரம் வண்டி பழுதானால் ஒதுங்குவதற்கு. விரைவுச்சாலையை விட்டு வெளியேறி, ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார்நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டுப் பேசுங்கள். சிவப்பு விளக்கில் வண்டி முழுதாக நிற்கும்போது சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் கேட்டுப் பதறிக் கிளம்பும்போது, இடுக்கில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் கண்ணில் படாது.

சைக்கிளில் போகிறவர்களும் ஓட்டிக்கொண்டே கைபேசி பார்க்காதீர்கள்.

அப்புறம், லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருபவருக்கு ஒரு வார்த்தை. பின்னால் நம் தம்பிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநரின் கைபேசி அடித்தால் “குடுங்கண்ணே, நான் பேசுறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். அவர் தர மறுத்துத் தொடர்ந்து பேசிக்கொண்டே ஓட்டினால், வேலையிடம் சேர்ந்ததும் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். இதைக் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். போக்குவரத்துக் காவல்துறைக்கு இணையம் வழியாகவும் தெரிவிக்கலாம். வண்டி எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.