பாத்திரத்தை மடியில் வைத்திருக்காதீர்கள்: நாவல் எழுதுவோர் விடும் தவறுகள்

நாவல் பாதியில் படுத்துவிட்டால் பலரும் கதைப்பின்னலைத்தான் குடைவார்கள். கோளாறு பெரும்பாலும் எழுதுபவருக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான உறவில்தான் இருக்கும்.

பெருந்தவறு, எங்கள் கருத்தைப் பாத்திரத்தின் வாயில் வைப்பது. மகன் கனடாவுக்குப் புறப்படுகிறான். சாவகச்சேரித் தாய் புலம்பெயர்வின் அவலம் பற்றி அரைப்பக்கம் பேசுகிறாள். எந்தத் தாயும் அப்படிக் கதைக்கமாட்டாள். மிளகாய்த்தூள் பையை இன்னொரு பொலித்தீன் பைக்குள் போடுவாள், மூலையில் கசிகிறதா என்று அமுக்கிப் பார்ப்பாள், பிறகு மூன்றாவது பையையும் எடுப்பாள். “இறங்கின உடன ஒரு கோல் எடு, என்ன?” அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். பெயர்களை மறைத்துவிட்டு உரையாடல்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று பிரிக்க முடியாவிட்டால் எல்லார் வாயிலும் நீங்களே இருக்கிறீர்கள்.

விளிப்பிலும் கவனம் வேண்டும். நீ, நீர், நீங்கள் மூன்றும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் புழங்குகின்றன. யார் யாரை எப்படி விளிக்கிறார் என்று கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். மனைவியோடு “நீர்” போட்டே கதைத்து வந்தவன் 14ஆம் அத்தியாயத்தில் “நீ” என்றால் அங்கே ஏதோ முறிந்திருக்க வேண்டும். உங்கள் மறதியால் அது மாறினால், வாசகர் நடக்காத சண்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்த தவறு, பிடித்த பாத்திரத்தைக் காப்பாற்றுவது. உங்கள் நாயகி 1970 தை மாதம் பிறந்தவள் என்றால், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவளுக்கு 11 வயது, 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி போரால் இடம்பெயர்ந்தபோது 25, போர் முடிந்த 2009 மே மாதத்தில் 39. இந்தக் கணக்கை முதலே போட்டுவைத்தால் பல பிழைகள் வராது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தும், வலிகாமமே மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்த இரவில், அவள் வீட்டுக்கு மட்டும் உழவு இயந்திரமும் அதில் இடமும் கிடைத்துவிடும். அது எழுதுபவரின் பாசம். அவளை நடக்க விடுங்கள். கையில் எதை எடுத்தாள், எதைப் படலையடியில் வைத்துவிட்டுப் போனாள் என்பதில்தான் அவள் யார் என்று தெரியவரும்.

வெறுப்பும் இதே கெடுதலைச் செய்யும். சீதனம் கேட்டு அடம்பிடிக்கும் மாமனாரை வில்லனாக்குவது சுலபம். அவர் தன் பக்க நியாயத்தைத் தன் வாயால் சொல்வதாக 200 சொல் எழுதுங்கள். நாவலில் சேர்க்கத் தேவையில்லை. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த கடன் இன்னும் அவர் கழுத்தில் இருக்கலாம். அது தெரிந்தபின் அவர் பேசும் வரிகள் வேறாகிவிடும்.

தெரிந்த மனிதரை வைத்து எழுதினால் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. ஒழுங்கைச் சனம் முழுக்கக் கண்டுபிடித்துவிடும். தொழில், ஊர், கூடப்பிறந்தோர் தொகை மூன்றையும் மாற்றுங்கள். அந்த மனிதரின் மானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாற்றாவிட்டால் “அவர் அப்படிச் செய்யேல்லையே” என்ற நினைப்பு உங்கள் கையையும் கட்டிப்போடும்.

பாத்திரம் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். இரண்டு மூன்று அத்தியாயம் பின்னே போங்கள். அவள் இந்த முடிவை எடுக்கக் காரணமான சம்பவம் அங்கே எழுதப்படாமலே விடுபட்டிருக்கும்.