கடிக்கிற பூனையை வேறு வீட்டுக்குக் கொடுக்கும் முன்

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் நான்கு வரி எழுதி, "இது போதுமா, பாருங்கள்" என்று எனக்கு அனுப்பியிருந்தார். "இரண்டு வயதுக் கடுவன். வெள்ளையும் சாம்பலும். கருத்தடை ஆகிவிட்டது. ரொம்பச் சாது. நல்ல வீடு தேவை."

அந்தப் பூனையை எனக்குத் தெரியும். இரண்டே மாதத்தில் அவர் மனைவியின் காலை மூன்று முறை கடித்திருக்கிறது. மூன்றாவது கடிக்கு அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். "ரொம்பச் சாது" என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லி ஒரு பூனையைக் கொடுத்தேன்.

சென்னையில் பன்னிரண்டு வருடமாகத் தெருவில் கிடைக்கும் பூனைகளை வீட்டில் வைத்துத் தேற்றி, தத்து கொடுத்து வருகிறேன். அடிக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், குட்டியிடம் கைவிரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். "வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா" என்று யோசிக்கும் நேரத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லாமே நான் செய்தவை.

கடிபட்ட அன்றே முடிவெடுப்பது

முதலில் காயத்தைப் பாருங்கள். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆழம் தெரியாது. அந்தப் புள்ளி சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். ஒரே நாளில் கை வீங்கிவிடலாம். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அப்புறம் நேரே மருத்துவமனை. வீட்டுப் பூனைதானே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், ரேபிஸ் பூனை மூலமும் வரும். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசியை முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று இலவசமாகவே போடுகிறார்கள்.

கோபத்தில் பலரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் அது நன்றாக இருக்கிறதா என்பது மருத்துவருக்குத் தேவையான தகவல். மறுநாளே யாரிடமாவது தள்ளிவிட்டால் அதை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அதனால் குறைந்தது பத்து நாளைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, மணல் பெட்டி எல்லாம் வைத்து, தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். சமாதானம் செய்கிறேன் என்று அன்றைக்கே தூக்கப் போகாதீர்கள். மிரண்ட பூனை பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும், சில பூனைகளுக்கு ஒரு நாள்கூட ஆகும்.

வலியைக் குணம் என்று நினைப்பது

பூனை வலியை வெளியே காட்டாது. ஒன்பது வயதுப் பெட்டை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து, "வயசாக ஆகத் திமிர் கூடிவிட்டது, தூக்கினாலே கடிக்கிறது" என்றார்கள். சாப்பிடும்போது கவனித்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும், பாதியிலேயே வாயிலிருந்து தீனியைக் கீழே போடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கீழ்த்தாடையில் இரண்டு பல் ஈறோடு அரித்துப்போயிருந்தன. பிடுங்கிய மூன்றாவது வாரம் தானாக வந்து மடியில் படுத்தது. அந்த வீட்டார் அதைத் திரும்பக் கூட்டிப் போய்விட்டார்கள்.

பல், மூட்டு, காது, சிறுநீர்ப்பை, வயதான பூனையென்றால் தைராய்டு என்று எல்லாவற்றையும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடுவன் மணல் பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுப்பது

பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

கருத்தடைக்கு முன்பே தீர்ப்புச் சொல்வது

கடுவனின் சண்டைக் குணம் ஆபரேஷன் முடிந்த மறுநாளே போய்விடாது. உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். ஆறு வாரமாவது கொடுங்கள்.

துணைக்கு இன்னொரு பூனை கொண்டுவருவது

வேண்டாம்.

கடித்ததை மறைத்துக் கொடுப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதை யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

என்னிடம் மிளகு என்று ஒரு கறுப்புக் கடுவன் இருந்தான். கட்டுமானம் நடக்கிற இடத்தில் செங்கல் குவியலுக்குள், தாய் இல்லாமல், கண் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டியாகக் கிடைத்தான். புட்டிப்பாலில் வளர்ந்தவன். கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு வளர்கிற குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அவற்றிடமிருந்தே கற்றுக்கொள்ளும். மிளகுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. தடவிக் கொடுத்தால் முதலில் கண்ணை மூடி ரசிப்பான். நாலைந்து முறை தடவியதும் முதுகுத்தோல் ஒரு முறை சிலிர்த்து அலை மாதிரி ஓடும். வால் நுனி மட்டும் தரையைத் தட்டும். காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பும். அடுத்த நொடி கடி. எனக்கு அது அத்துப்படி. கை தானாக நாலாவது தடவலில் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி, அந்தப் பெண்ணின் அம்மாவோடு பார்க்க வந்தார்கள். மிளகு நேரே போய் அந்தப் பாட்டியின் மடியில் ஏறி உட்கார்ந்தான். பத்து நிமிடம் அப்படியே இருந்தான். பாட்டி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "கடிக்குமா?" என்று மருமகன் கேட்டார். "சாதுதான், கொஞ்சம் விளையாட்டுக்காரன்" என்றேன். பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. நல்ல வீடு, பாசமான மனிதர்கள், போனால் மாறிவிடுவான் என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் வீட்டில் ஒன்பது பூனைகள் இருந்தன என்பதும் ஒரு காரணம்.

நாலாவது வாரம் பாட்டிக்குக் கட்டைவிரல் அடியில் கடி. பாட்டிக்குச் சர்க்கரை இருந்தது, அதை நான் கேட்கவே இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, பூனையைத் திட்டுவார்களே என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மணிக்கட்டு வரை வீங்கிச் சிவந்த பிறகு மருத்துவமனைக்குப் போனார்கள். கீறிச் சீழ் எடுத்தார்கள், ஆறு நாள் படுக்கை. ஊசி போட்ட மருத்துவர் பூனையைக் கண்காணிக்கச் சொன்னபோது வீட்டில் பூனை இல்லை. முதல் நாள் ராத்திரியே மருமகன் அதைப் பையில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஐந்து நாள் சாயங்காலம், தீனி டப்பாவைக் குலுக்கிக்கொண்டு அந்த மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மிளகு கிடைக்கவில்லை. புட்டிப்பாலில் வளர்ந்து, ஒரு நாள்கூடத் தெருவில் தூங்காதவன்.

அந்த மருமகனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே வேண்டாம் என்றிருப்பார். பாட்டியின் கையும் தப்பியிருக்கும், பூனையும் தப்பியிருக்கும்.

"சொன்னால் யார் எடுப்பார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடுப்பார்கள். ஆனால் குறைவான பேர், அதுவும் தாமதமாக. மிளகுக்குப் பிறகு அதே சுபாவத்தோடு ஒரு பெட்டை வந்தது. "மூன்று முறைக்கு மேல் தடவினால் கடிக்கும், இரண்டு பேரைக் கடித்திருக்கிறது" என்று சொல்லித்தான் வீடு தேடினேன். ஏழு மாதம் ஆனது. தனியாக வசிக்கும் ஒரு பெண் வந்தார், ஏற்கெனவே பூனை வளர்த்தவர். மூன்று முறை தடவிக் கையை எடுத்துவிட்டு, "அவ்வளவுதானே?" என்றார். ஐந்து வருடமாக அங்கேதான் இருக்கிறது. அவர் இன்னும் மூன்றோடு நிறுத்துகிறார்.

அதனால் கொடுக்கிற வீட்டில் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்: எத்தனை முறை கடித்தது, யாரை, எந்த இடத்தில், ரத்தம் வந்ததா, ஒரு முறை கடித்ததும் விட்டுவிட்டதா அல்லது விடாமல் கவ்வியதா, அதற்கு முன்னால் என்ன நடந்தது. வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள், தடுப்பூசிப் புத்தகத்தோடு. அவர்கள் வீட்டில் குழந்தை உண்டா, சர்க்கரை உள்ளவர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா என்று நீங்களும் கேளுங்கள். வேண்டாம் என்றால் எந்த நேரமும் என்னிடமே கொண்டுவரலாம் என்று சொல்லி, அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். பூனை படுத்த போர்வையைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள். முதலில் ஒரே ஒரு அறை, அது பழகிய பிறகு மற்ற அறைகள். முதல் சில நாள் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால் அதை வைத்து யாரும் அதன் குணத்தை எடைபோட வேண்டாம்.

மீன் மார்க்கெட்டில் விடுவது, கோயிலில் விடுவது

"பிழைத்துக்கொள்ளும்" என்பது நம் ஆறுதலுக்காக நாமே சொல்லிக்கொள்வது. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வைத்துக்கொள்வதுதான் பாசம் என்று நினைப்பது

இதுவும் தவறுதான். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெட்டைகள். தனி அறை, போர்வையை மாற்றிப் போட்டு வாசனை பழக்குவது, கதவின் இரு பக்கமும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது, மூன்று மணல் பெட்டி என்று பதினொரு மாதம் எல்லாம் செய்து பார்த்தார்கள். ஒன்று பீரோ மேலேயே வாழ்ந்தது. அங்கேயே சாப்பாடு, அங்கேயே சிறுநீர். மற்றப் பூனை இல்லாத வீட்டுக்குப் போன பத்தாவது நாள் ஹால் நடுவில் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் படம் வந்தது. அந்தப் பதினொரு மாதத்தில் ஐந்து மாதமாவது முன்பே அனுப்பியிருக்கலாம்.

தவழ்கிற குழந்தை, டயாலிசிஸ் போகிறவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கும் வீட்டில் பூனை ரத்தம் வரும்படி திரும்பத் திரும்பக் கடித்தால், கதவு போட்டுப் பிரித்துவைக்கவும் வழியில்லை என்றால், கொடுப்பதுதான் சரி. வலியும் இல்லை, சிகிச்சையும் பலிக்கவில்லை, எந்த வீட்டிலும் எல்லோரையும் பாய்ந்து கடிக்கிறது என்ற நிலையும் அபூர்வமாக வரும். என் பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு பூனை. அப்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி, கருணைக்கொலைக்கு ஒப்புக்கொண்டு வழியனுப்பினோம். பிறர் தலையில் கட்டவில்லை.

கடியை மட்டும் எழுதுவது

கடிப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

நான்கு வரி எழுதி அனுப்பியவரிடம் இதைத்தான் கேட்டேன். மூன்று கடியும் எத்தனை மணிக்கு? அவருக்குத் தெரியவில்லை, மனைவிக்குத் தெரிந்தது. மூன்றும் காலை ஐந்தரை மணி வாக்கில், பால் பாக்கெட் எடுக்க அவர் ஹாலைக் கடக்கும்போது. மறுநாள் அந்த நேரத்துக்குக் கணவரே ஹாலில் உட்கார்ந்து பார்த்தார். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரிய தலையுள்ள ஒரு தெருக்கடுவன் வந்து, கதவோரம் பின்பக்கத்தைத் திருப்பிச் சிறுநீர் பீய்ச்சிவிட்டுப் போனது. உள்ளே இவருடைய பூனை வாலைப் பாட்டில் பிரஷ் மாதிரி உப்பவைத்து உறுமிக்கொண்டு நின்றது. வெளியே இருப்பதை எட்ட முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நகர்கிற காலைக் கடித்துவிடும். கடிப்பது யாருடைய கால் என்றுகூட அப்போது அதற்குத் தெரியாது.

கண்ணாடியின் கீழ்ப்பாதியை பழைய காலண்டர் அட்டையால் மறைத்தார்கள். வெளியே தினமும் கழுவிவிடுகிறார்கள். பால் பாக்கெட்டை அவர் மனைவி ஆறரைக்கு எடுக்கிறார், பூனை அதுவரை படுக்கையறையில். அந்தத் தெருக்கடுவனைப் பிடித்துக் கருத்தடை செய்ய நானும் கூண்டு வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.

இருபத்து மூன்று நாளாகக் கடி இல்லை. ஆறு வாரம் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்குள் மறுபடி கடித்தால் அனுப்புவதற்கென்று அவர் புதிதாக ஒன்று எழுதிவைத்திருக்கிறார்: "இரண்டு வயதுக் கடுவன். வெளியே வேறு பூனையைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் காலைக் கடிக்கும். மூன்று முறை கடித்திருக்கிறது, ஒரு முறை ஆழமாக. மாடி வீடு, தெருப்பூனை வராத பால்கனி, குழந்தை இல்லாதவர்கள் மட்டும் கேட்கவும். ஒத்துவராவிட்டால் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம்."