நெஞ்சுச் சளி என்றே நான்கு வருடம் ஓட்டினோம்

என் மகனுக்கு ஆறு மாதம்வரை ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ஏழாம் மாதம் காதில் சீழ். ஒன்பதாம் மாதம் நிமோனியா. "பல் முளைக்குது, அதான்" என்றார் மாமியார். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர், ஆஸ்துமா என்று நீல பம்ப் எழுதிக் கொடுத்தார். டர்பனில் இன்ஹேலர் என்று யாரும் சொல்வதில்லை, பம்ப்தான். நான்கு வயதில், நான்காவது நிமோனியா வந்து படுத்திருந்தபோது, ஓர் இளம் டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "டான்சில் எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் எடுக்கவே இல்லை. அங்கே டான்சில் இருந்ததே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் அநேகமாக இல்லை என்று வந்தது. பிறவியிலேயே வருகிற நோய் எதிர்ப்புக் குறை இது. டான்சில் வளராமல் போனதும் இதனால்தான். 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நிமோனியா வந்த எட்டு வயதுப் பையனிடம் இதை முதலில் கண்டுபிடித்தார். தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், ஏறக்குறைய ஆறு மாதம் காவல் நிற்கும். அது தீர்ந்த பிறகுதான் பிள்ளையின் உடம்பு வெறும் வீடு என்று தெரியவரும். என் மகனின் முதல் ஆறு மாதம் அப்படித்தான் கழிந்தது.

எங்கள் தவறுகள் எல்லாவற்றுக்கும் தாய்த்தவறு ஒன்று உண்டு. மூச்சிரைப்பை ஒரு நோயாகவும், அடிக்கடி வரும் காய்ச்சலைத் தனியாக இன்னொன்றாகவும் பார்த்தோம். நுரையீரலுக்கு மருந்து கொடுத்தோமே தவிர, அதே நுரையீரல் ஏன் மறுபடி மறுபடி அடிவாங்குகிறது என்று கேட்கவில்லை.

எண்ணாமல் விட்டது

ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டாக்டர். அவரவருக்குத் தெரிந்தது அன்றைய இருமல் மட்டும். நான்கு வருடக் கதை தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானும் எதையும் எழுதிவைக்கவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியா, அல்லது நான்கு தடவை காதுத் தொற்று, இரண்டு மாதம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் பலனில்லாமை, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் ஆறாத வெள்ளைப்படலம், எடை ஏறாமை, குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இந்தக் குறை. இவற்றில் இரண்டு இருந்தாலே நோய் எதிர்ப்பைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் கிளினிக்கில் ரோட் டு ஹெல்த் புத்தகம் தருகிறார்கள். நான் அதைத் தடுப்பூசிக்கு மட்டும் எடுத்துப்போனேன். அதன் பின்பக்கத்தில் தேதியும் மருந்துப் பெயரும் மட்டும் குறித்துவந்திருந்தால்கூட இரண்டாம் வயதிலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பயந்தது

நோய் எதிர்ப்புக் குறை என்று தென்னாப்பிரிக்காவில் வாய்திறந்தால், கேட்பவர் மனம் ஒரே இடத்துக்குத்தான் போகும்: எச்ஐவி. என் கணவரின் அண்ணி என்னைத் தனியாக அழைத்துப்போய், "நீங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வெளியே ஆஸ்துமா என்றே சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கும் அப்படியே எழுதிக்கொடுத்தோம். அதனால் வகுப்பில் ஒரு பெண்ணுக்குச் சின்னம்மை வந்தது எங்களுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அம்மை பட்டது தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கென்று தருகிற மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன். அந்த நாட்களில் ஐந்து எங்களுக்கு ஏற்கெனவே வீணாகியிருந்தது.

பிறவிக் குறை எச்ஐவி அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. இந்த ஒரே வாக்கியத்தை ஆசிரியையிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. சாதாரண எச்ஐவி பரிசோதனை தேடுவது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை. அதை உண்டாக்கவே முடியாத பிள்ளைக்கு "இல்லை" என்று வருகிற முடிவை நம்ப முடியாது. வைரஸையே தேடுகிற பிசிஆர் கேட்க வேண்டும். இல்லாத ஐஜிஜியை நரம்பு வழியாக ஏற்றும் ட்ரிப் ஆரம்பித்த பிறகு சில பரிசோதனைகள் தலைகீழாகவும் போகும், ஏனென்றால் அப்போது ரத்தத்தில் ஓடுவது தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்புப் புரதம்.

தடுப்பூசியில் இரண்டு பக்கமும் வழுக்கியது

முதலில் வந்ததெல்லாம் போட்டோம். பெயர் தெரிந்த பிறகு பயந்துபோய் ஒன்றுமே வேண்டாம் என்றோம். இரண்டுமே பிழை. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்யும் தடுப்பு மருந்துகள்தான் கவலை: பிறந்ததும் போடும் பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, தட்டம்மை, சின்னம்மை ஊசிகள். எந்த வகைக் குறை என்பதைப் பொறுத்து எது ஆகும், எது ஆகாது என்று நிபுணர்தான் பட்டியல் தர வேண்டும். உயிரற்ற கிருமியில் செய்த ஊசி பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

பலரும் மறப்பது வீட்டிலிருக்கும் மற்றவர்களை. அப்பா, அம்மா, தாத்தா, அக்கா எல்லோரும் குளிர் தொடங்குமுன், மார்ச் ஏப்ரலிலேயே, ஃபுளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தங்கச்சிப் பாப்பாவுக்குப் போலியோ சொட்டு கொடுத்தால் அந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். எதிர்ப்புப் புரதம் இல்லாத அண்ணனுக்கு அது ஆபத்து. கிளினிக் நர்ஸிடம் நாம் சொன்னால்தான் சொட்டுக்குப் பதில் ஊசி பற்றி யோசிப்பார்கள்.

பம்ப்

இதைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தினமும் நடக்கும் தவறு இது. நீல பம்ப் இறுகிய குழாயை அந்த நேரத்துக்குத் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு பம்ப். "ஸ்டீராய்டா, வேண்டாம், எலும்பு போயிடும்" என்று இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, நீலத்தை மட்டும் நம்பினோம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். அந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்தது, பம்பை நேராக வாயில் வைத்து அடித்தது. சின்னப் பிள்ளையால் மூச்சிழுப்பையும் அழுத்துவதையும் ஒரே நொடியில் செய்ய முடியாது. மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும்தான் ஒட்டும். பம்புக்கும் வாய்க்கும் நடுவில், மருந்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேசர் என்ற குழல் வேண்டும். விலை அதிகம் என்று தள்ளிப்போட்டோம். அரை லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளைபோட்டு, காற்று கசியாமல் ஒட்டினால், கடையில் வாங்கும் ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்யும் என்று கேப்டவுன் மருத்துவர்கள் 1999இலேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, உலகமே பயன்படுத்துகிறது, நமக்குத்தான் தெரியவில்லை. கிளினிக்கில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பம்பைக் குலுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே அழுத்தல், பிறகு பிள்ளை ஐந்தாறு முறை மெதுவாக மூச்சு விட வேண்டும், அதன்பிறகுதான் அடுத்தது. ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும், எதிர்ப்புக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் சுலபமாக. ஸ்பேசரை வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி, அலசாமல், துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்தைப் பிளாஸ்டிக்கே பிடித்துக்கொள்ளும்.

நெபுலைசர் மெஷின் வாங்கினால் கவலை தீர்ந்தது என்பது இன்னொரு மயக்கம். லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் எங்கள் மெஷின் பாதி நேரம் அலங்காரப் பொருள். சாதாரண இரைப்புக்கு ஸ்பேசர் அதற்குச் சளைத்ததல்ல. மெஷினின் கிண்ணத்தை ஈரமாக விட்டுவைத்தால் அதில் வளரும் கிருமி நேராக நுரையீரலுக்கே போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: எல்லா இரைப்பும் ஆஸ்துமா அல்ல. தினமும் காலையில் கட்டிச் சளியோடு இருமினால், அடிக்கடி வந்த தொற்றில் மூச்சுக்குழாய் விரிந்து தழும்பாகியிருக்கலாம். அதற்குப் பெயர் பிராங்கியெக்டேசிஸ். அப்படியானால் பம்ப் மட்டும் போதாது, நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பிசியோதெரபி தினமும் வேண்டும். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு கட்டாயம் பணம் தர வேண்டிய நீண்டகால நோய்களின் பட்டியலில் ஆஸ்துமாவும் இருக்கிறது, இதுவும் தனியாக இருக்கிறது. எங்கள் படிவத்தில் முதலாவதை மட்டும் எழுதியிருந்தோம்.

புகை

குளித்ததும் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவது எங்கள் அம்மா வீட்டுப் பழக்கம், டர்பனிலும் அப்படியே. மாமியாரிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. கொசுவர்த்தி இன்னும் மோசம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவு நுண்தூள் வரும் என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. வலை கட்டுங்கள். ஆவி பிடித்தால் இரைப்பு குறையாது, கொதிநீர் கவிழ்ந்து சுட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம்.

வெளிப்புகையை நாம் நிறுத்த முடியாது. மியர்பேங்க், வென்ட்வொர்த், இசிபிங்கோ பக்கம் ஆலைக்காற்று. டோங்காட், வெருலம் பக்கம் கரும்பு அறுப்புக் காலத்தில் தோட்டத்தைக் கொளுத்துவார்கள், துணிக்கொடியில் கருஞ்சாம்பல் விழும். 1860இல் நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது அந்தக் கரும்புக்குத்தான், இன்றைக்கும் அது நம் பிள்ளைகளின் நெஞ்சில் ஏறி உட்காருகிறது. அந்த நாட்களில் சன்னலைச் சாத்தி, துணியை உள்ளே காயப்போடாமல் (சுவரில் பூஞ்சை வரும்) சமாளிக்கிறோம்.

காவடிக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். விடியற்காலையில், கூட்டமும் கற்பூரமும் கூடுமுன், காற்று வரும் பக்கமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ட்ரிப்பைத் தள்ளிப்போட்டது

மகனுக்கு மாதம் ஒருமுறை ஐஜிஜி ட்ரிப். தென்னாப்பிரிக்கர்கள் தானம் தந்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து, டர்பனுக்கு மேலே பைன்டவுனில் தயாராகும் மருந்து அது. உடம்பில் அதன் பாதி மூன்று வாரத்தில் கரைந்துவிடும். நாங்கள் ஒருமுறை கல்யாணத்துக்காகப் பத்து நாள் தள்ளினோம். பையன் அப்போது நன்றாகத்தான் ஓடியாடினான். நன்றாக இருந்ததே போன ட்ரிப்பின் புண்ணியம் என்பது, அடுத்த வாரம் காய்ச்சலோடு படுத்தபோதுதான் உறைத்தது. இன்னொன்று: அளவு எடையைப் பொறுத்தது, வழக்கமாகக் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். பிள்ளை நான்கு கிலோ ஏறியும் எங்கள் சீட்டில் பழைய எடையே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எடை போடச் சொல்லுங்கள், பாட்டில் எண்ணைக் குறித்துவையுங்கள்.

இம்யூன் பூஸ்டர் சிரப், சீந்தில் கஷாயம் இவற்றைப் பற்றி ஒரே வரி: இல்லாத புரதத்தை எதுவும் உண்டாக்காது.

இரவில் எப்போது கிளம்புவது

விடியட்டும் என்று காத்திருந்ததுதான் எங்களை மரணவாசல்வரை கொண்டுபோனது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை ஐம்பதோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுவரை நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் வேகம் அதிகம். விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதது, உதடு நீலமாவது, இரைப்புச் சத்தம் திடீரென்று அடங்கியும் பிள்ளை சோர்ந்தே கிடப்பது: இதில் எது வந்தாலும் நீல பம்பைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 38 டிகிரிக் காய்ச்சல் எங்கள் வீட்டில் சாதாரணக் காய்ச்சல் இல்லை. என்ன குறை, என்ன மருந்து, யாருக்கு போன் செய்வது என்று நிபுணர் எழுதித் தந்த ஒரு பக்கக் கடிதம் பையிலேயே இருக்கிறது. அதைக் காட்டினால் இருமுகிறவர்கள் நடுவே மணிக்கணக்காக உட்காரவைக்காமல் தனியாக உட்காரவைக்கிறார்கள். காசநோய் நிறைந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

கூடப் பிறந்தவளிடம் சொல்லாதது

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. தாய் சுமப்பாள், பெரும்பாலும் மகனுக்குத்தான் நோயாக வரும், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "உன் பக்கத்து ரத்தம்" என்று பேச்சு வரும் என்று நான் திருவாரூரில் இருக்கும் தங்கையிடம்கூட மறைத்தேன். அவள் மாசமாக இருந்தபோதுதான் வாய் திறந்தது. பையன் பிறந்ததும் பிசிஜி போடாமல் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். பிறந்த பிள்ளைக்கு ஐஜிஜி அளவு பார்த்தால் ஏமாந்துபோவோம், அது தாயுடையது. எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் பி செல்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும். பார்த்தார்கள், சரியாக இருந்தது. போன வாரம் அவள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள்: டார்ச் வெளிச்சத்தில் இரண்டு வயதுப் பையனின் வாய், உள்ளே இரண்டு பக்கமும் குண்டு குண்டாக டான்சில்.

அடுத்து பெரியம்மா மகளிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டு பையன்கள். ஆறு மாதமாக போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.